பீட் சேபர் ஆட எந்த ஹெட்செட் வாங்கலாம்?

கேள்வி: நண்பரின் வீட்டில் ஒரு மாலை, பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கட்டைகளை வாளால் வெட்டும் பீட் சேபர் என்ற வி.ஆர். (மெய்நிகர்) விளையாட்டை ஆடிப் பார்த்தேன். அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். பகுதிநேர வேலையில் சேர்த்த பணம் ஒரு புதிய ஹெட்செட்டின் விலையில் பாதியைச் சற்றுத் தாண்டும். என் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, கைபேசியைச் செருகிப் போட்டுக்கொள்ளும் வி.ஆர். பெட்டி, மிக மலிவு. இரண்டு, எனக்கு முந்தைய ஆண்டு படித்த அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி ஹெட்செட்டை என் கைப்பணத்துக்குள் தருவதாகச் சொல்கிறார். படம் மிகத் துல்லியமாக இருக்கும் என்கிறார். மூன்று, இன்னும் நான்கைந்து மாதம் பொறுத்துப் புதிதாக வாங்குவது. என் மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது. எல்லா அப்டேட்டும் போட்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி அணிகிறேன். அறை சிறியது. எதை வாங்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

அந்த அண்ணனிடம் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால், கொடுக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது "படம் மிகத் துல்லியமாக இருக்கும்" என்ற வரி. வி.ஆர். சாதனங்களைப் பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். வாங்க வருகிறவர்களும் சரி, விற்க வருகிறவர்களும் சரி, வாயைத் திறந்ததும் பேசுவது படத்தைப் பற்றித்தான். பீட் சேபருக்கு அது கடைசியாகக் கவனிக்க வேண்டிய சங்கதி.

நீங்கள் ஆடிய அந்த மாலையை நினைத்துப் பாருங்கள். இருட்டான ஒரு பாதை, எதிரே பாய்ந்து வரும் சிவப்பு, நீலக் கட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் வெட்ட வேண்டிய திசையைக் காட்டும் அம்பு. கட்டையின் நிறமும் அம்பின் திசையும் தெரிந்தால் போதும். இன்று மெட்டா எனப்படும் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த முதல் குவெஸ்ட் ஹெட்செட்டின் திரையிலும் அவை பளிச்சென்றே தெரிந்தன.

மதிப்பெண் எப்படி விழுகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு கட்டைக்கு அதிகபட்சம் 115. கட்டையைத் தொடுவதற்கு முன் உங்கள் வாள் 100 பாகை சுழன்று வந்திருந்தால் 70 கிடைக்கும். வெட்டிய பிறகு மேலும் 60 பாகை வீசினால் 30. கட்டையின் நட்டநடுவே வாள் போயிருந்தால் மீதி 15. ஆக, 115இல் 100 உங்கள் கைவீச்சுக்குப் போகிறது. கையை ஓங்கியபோது அது தலைக்கு மேலே எங்கே இருந்தது, இறங்கியபோது இடுப்புக்குப் பக்கத்தில் எங்கே போனது என்பதை ஹெட்செட் பார்த்திருந்தால்தான் அந்த 100 உங்களுக்கு. பார்க்கத் தவறினால் நீங்கள் எவ்வளவு அழகாக வீசியும் பயனில்லை. கையை ஒழுங்காகப் பின்தொடரும் சாதனத்துக்குக் காசு கொடுங்கள்; மற்ற எல்லாவற்றிலும் பேரம் பேசலாம்.

முதல் வழி இங்கேயே அடிபட்டுப் போகிறது. கைபேசிக்குள் இருக்கும் உணரிகளால் தலை இடம் வலமாகத் திரும்பியதையும், மேலே கீழே பார்த்ததையும், தோள் பக்கம் சாய்ந்ததையும் மட்டுமே சொல்ல முடியும். நீங்கள் ஓர் அடி முன்னால் வந்தீர்களா, கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பெட்டியோடு தரும் சிறு ரிமோட், பொத்தானை அழுத்த மட்டுமே உதவும். பீட் சேபர் கைபேசிக்கு வரவும் இல்லை. அதைப் போலவே இருக்கும் என்று சொல்லித் தருகிற செயலிகள் சிலவற்றில் தலையை ஆட்டியே கட்டையை வெட்ட வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒருமுறை அரை மணி நேரம் ஆடிப் பார்த்தேன். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இதே குறை உள்ள இன்னொன்று, 2018இல் வந்த ஓக்குலஸ் கோ. பழைய பொருள் விற்பவர்களிடம் அது குவெஸ்டின் தம்பி போல உட்கார்ந்திருக்கும். அடையாளம் சுலபம்: கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் அதற்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டு வாள் பிடிக்க வேண்டிய ஆட்டத்துக்கு ஒற்றைக் கன்ட்ரோலரோடு வரும் எதையும் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

இப்போது அண்ணனின் ஹெட்செட்டுக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வரிசையில் வந்த சில ஹெட்செட்களின் படம் இன்றைக்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவை விண்டோஸுக்குள் இருந்த ஒரு மென்பொருளை நம்பி ஓடுபவை. அந்த மென்பொருளைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 டிசம்பரில் அறிவித்தது; 2024இல் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து நீக்கியும் விட்டது. எல்லா அப்டேட்டும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஹெட்செட்டைச் செருகினாலும் உங்கள் மடிக்கணினி அதைக் கண்டுகொள்ளாது. மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ வெளியீடு அல்லாத மாற்று இயக்கி (டிரைவர்) ஒன்று 2025இல் வந்தது. அதுவும் என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளுக்குத்தான். ஏற்கெனவே சாதனத்தை வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல செய்தி. புதிதாகக் காசு போடுகிறவர் அதை நம்பி இறங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவது.

அந்த இயக்கி கச்சிதமாக ஓடினாலும் என் பதில் மாறாது. அந்த வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் இரண்டே கேமராக்கள். நீங்கள் கையைத் தோளுக்குப் பின்னால் ஓங்கியதும் அது கேமராவின் பார்வையை விட்டுப் போய்விடும். உடனே ஹெட்செட், கன்ட்ரோலருக்குள் இருக்கும் முடுக்கமானி சொல்வதை வைத்து, கை இன்ன இடத்தில் இருக்கும் என்று உத்தேசமாகக் கணக்குப் போடும். அந்த உத்தேசம் கண நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் வாள் அந்தரத்தில் மிதக்கும். அல்லது எங்கோ இருந்து சடக்கென்று குதித்து வரும். எளிய பாட்டுகளில் இது தெரியாது. மேல் நிலைக்குப் போகப் போகத்தான் வெட்டிய கட்டையை வெட்டவில்லை என்று விளையாட்டு சொல்லும், உங்களுக்குக் கோபம் வரும்.

கணினியோடு இணைக்கும் பழைய ஹெட்செட்கள் எல்லாமே மோசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களிடம் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள மேசைக்கணினி இருந்திருந்தால், 2016இல் வந்த எச்.டி.சி. வைவை யோசித்துப் பாருங்கள் என்றே எழுதியிருப்பேன். அறையின் இரு மூலைகளில் வைக்கும் பெட்டிகள் லேசர் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். கை முதுகுக்குப் பின்னால் போனாலும் அதன் இடம் தெரியும். படம் கொசுவலை வழியாகப் பார்ப்பது போல இருக்கும், ஆனால் கட்டை ஒன்றுகூடத் தப்பாது. மடிக்கணினிக்காரர்களுக்கு இந்த வகையில் வேறு தலைவலிகள் உண்டு. 2019இல் வந்த ரிஃப்ட் எஸ்ஸுக்கு டிஸ்பிளேபோர்ட் இணைப்பு வேண்டும். பல மடிக்கணினிகளில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருக்கும். அதற்கு முந்தைய ரிஃப்டின் கேபிள் பழுதானால் மாற்றுக் கேபிள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிளேஸ்டேஷன் வழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அந்தத் தளத்தில் பீட் சேபருக்குப் புதிய அப்டேட்கள் 2025இல் நின்றுவிட்டன என்பதால் நானும் அதை விட்டுவிடுகிறேன்.

மிஞ்சுவது, கணினியே தேவைப்படாத தனி ஹெட்செட். உங்களுக்கு ஏற்றது இதுதான். வெளிப்புறக் கேமராக்கள் நான்கும் சுற்றிலும் பார்ப்பதால் கையைப் பெரும்பாலும் தவறவிடுவதில்லை. புதிதாக வாங்குவதானால் 2024 அக்டோபரில் வந்த குவெஸ்ட் 3எஸ் போதும். அதைவிட விலை கூடிய குவெஸ்ட் 3இல் லென்ஸும் திரையும் மேலானவை. ஆனால் இரண்டிலும் செயலி ஒன்றே, கன்ட்ரோலர்களும் ஒன்றே. இந்த ஒரு விளையாட்டுக்காக அந்த விலை வித்தியாசத்தைக் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. பைக்கோ ஹெட்செட் மலிவாகக் கிடைத்தால், ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம்: அதன் கடையில் பீட் சேபர் இல்லை. கணினியில் ஓடவிட்டுத்தான் அதில் ஆட முடியும்.

நான்கைந்து மாதம் பொறுக்க முடிந்தால் 3எஸ் வாங்குங்கள். முடியாது, கை துறுதுறுக்கிறது என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய குவெஸ்ட் 2. முதல் குவெஸ்ட் வேண்டாம். 2024 நவம்பருடன் அதில் பீட் சேபருக்கான ஆதரவு முடிந்துவிட்டது. இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. முதல் குவெஸ்ட் வெளிவந்தது 2019 மே மாதம். அதாவது இந்த விளையாட்டோடு அது வாழ்ந்தது சுமார் ஐந்தரை ஆண்டு. குவெஸ்ட் 2 வந்தது 2020 அக்டோபரில். அதே ஆயுள்தான் இதற்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் விலை பேசும்போது இந்தக் கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருக்கட்டும். புதிய 3எஸ் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பழையதை வாங்கும்போது எதைப் பார்ப்பது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாறுகிற இடம் அதுதான்.

முதலில் லென்ஸ். ஹெட்செட்டை இயக்கி, வெண்மையான திரை ஏதாவது ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள். பழுப்போ மஞ்சளோ கலந்த புள்ளி அல்லது கோடு தெரிந்தால் அது வெயில் சுட்ட தழும்பு. லென்ஸ் உள்நோக்கிய பூதக்கண்ணாடி அல்லவா, ஜன்னலோரம் கவிழ்த்து வைக்காமல் விட்டால் சில நிமிட வெயிலே திரையைப் பொசுக்கிவிடும். அதற்கு மருந்து கிடையாது. லென்ஸின் ஓரத்தில் மெல்லிய கீறல் இருந்தால் பரவாயில்லை. கட்டைகள் வருவது நடுவில்தான்.

அடுத்து, வெளியே இருக்கும் நான்கு கேமராக்கள். ஹெட்செட்டைக் கையில் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்து, ஒவ்வொன்றின் மேலுள்ள கண்ணாடியையும் பாருங்கள். இங்கே கீறலுக்கு மன்னிப்பு இல்லை. கன்ட்ரோலரின் தலைப்பக்க வளையத்தையும் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். கேமராக்கள் தேடுவது அந்த வளையத்துக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகளைத்தான். உற்சாகத்தில் இரண்டு கன்ட்ரோலரையும் மோதவிடாத பீட் சேபர் ஆட்டக்காரர் அபூர்வம். ஒட்டுப் போட்ட வளையங்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன.

பிறகு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, நான் மேசையில் செய்யும் சோதனையைச் செய்யுங்கள். பீட் சேபரின் இலவச மாதிரிப் பதிப்பு குவெஸ்ட் கடையில் இருக்கிறது; அதைத் திறந்து, கட்டை எதுவும் வராத நேரத்தில் இரண்டு வாளையும் முன்னால் நீட்டி அசையாமல் பிடியுங்கள். உங்கள் கை நடுக்கத்தைத் தாண்டி வாள்முனை துடித்தால் கேமராவோ கன்ட்ரோலரோ சரியில்லை. வலது கையைக் காதை ஒட்டிப் பின்னால் கொண்டுபோய், இரண்டு விநாடி நிறுத்தி, சட்டென்று முன்னால் கொண்டுவாருங்கள். வாள் கையோடு வர வேண்டும். பின்தங்கி ஓடி வரக் கூடாது. இடது கைக்கும் அதே. கடைசியாக, கைகளைக் குறுக்காக மாற்றி ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு கை மற்றதை மறைக்கும்போதும் வாள் நிலைகுலையாமல் இருந்தால் சாதனம் தேறியது. இதையெல்லாம் நல்ல வெளிச்சத்தில் செய்யுங்கள். அறை இருட்டாக இருந்தாலோ, எதிரே பெரிய நிலைக்கண்ணாடி இருந்தாலோ நல்ல ஹெட்செட்டும் தடுமாறும்; பாவம், அதன் மேல் பழி போடக் கூடாது.

பேரம் பேச உதவும் குறைகளும் இருக்கின்றன. கன்ட்ரோலரின் கட்டைவிரல் குச்சி தானாக ஒரு பக்கம் இழுத்தால் மற்ற விளையாட்டுக்காரர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். பீட் சேபரில் வெட்டுவதற்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. அதைச் சுட்டிக்காட்டி விலையைக் குறையுங்கள், வாங்கியபின் மறந்துவிடுங்கள். ஆனால் ஆள்காட்டி விரலுக்கான விசை வேலை செய்ய வேண்டும், பாட்டைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும். ஹெட்செட்டின் பேட்டரி ஒன்றேகால் மணி நேரம்தான் நிற்கிறது என்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். உங்கள் தோள் அதற்கு முன்பே நின்றுவிடும். முகத்தில் படும் நுரைப்பட்டை வேர்வையில் ஊறிக் கறுத்திருந்தால் அதுவும் பேரத்துக்குத்தான். சிலிகான் உறை ஒன்று வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பணம் கொடுக்கும் முன், விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன்னுடைய கணக்கிலிருந்து ஹெட்செட்டை நீக்கி, தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப வேண்டும். "உள்ளேயே நிறைய விளையாட்டு இருக்கிறது" என்று சொன்னால் அதற்குத் தனி விலை வைக்காதீர்கள். வாங்கிய விளையாட்டுகள் அவருடைய கணக்கோடு போய்விடும், உங்களுக்கு மிஞ்சாது.

ஆம், விளையாட்டின் விலையையும் இப்போதே கணக்கில் எழுதிவையுங்கள். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழக் கூடாது. பாட்டுத் தொகுப்புகள் பெரும்பாலும் தனிக் காசு. கணினிக்காக ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கிய பிரதி தனி ஹெட்செட்டில் ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இலவசமாக ஆட ஆசை என்றால், ஹெட்செட்டின் பிரவுசரிலேயே ஓடும் மூன் ரைடர் என்ற விளையாட்டு இருக்கிறது. முழுமை போதாது, ஆனாலும் பொழுது போகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே ஒரு வாரம் ஏமாந்திருக்கிறேன். வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று ஒருமுறை வயரில்லாத இயர்போனை இணைத்து ஆடினேன். வழக்கமாகத் தப்பாத பாட்டுகளில் எல்லாம் தாளம் தப்பியது. கண்ணால் பார்த்து வெட்டினால் காதில் விழும் தாளத்தோடு ஒட்டவில்லை. காதால் கேட்டு வெட்டினால் கட்டை கடந்துபோயிருந்தது. எனக்கு வயதாகிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். ஏழாம் நாள் இயர்போனின் சார்ஜ் தீர்ந்து, ஹெட்செட்டின் ஸ்பீக்கரில் ஆடியபோதுதான் உறைத்தது. புளூடூத் வழியாக ஒலி வந்து சேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை தாமதமாகலாம். நிமிடத்துக்கு 180 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். தாமதம் அதில் பாதியைத் தின்றுவிட்டால் ஆடுகிறவர் என்ன செய்வார்? ஹெட்செட்டின் சொந்த ஸ்பீக்கர் போதும். இயர்போன்தான் வேண்டும் என்றால் வயர் உள்ளதாக இருக்கட்டும். குவெஸ்ட் 2இல் அதற்கான துளை இருக்கிறது. 3எஸ்ஸில் இல்லை, யு.எஸ்.பி.-சி இயர்போன் வேண்டும்.

இதே காரணத்தால்தான், மடிக்கணினியில் விளையாட்டை ஓடவிட்டு வைஃபை வழியாக ஹெட்செட்டுக்கு அனுப்பும் வழியை உங்களுக்கு நான் சொல்லவில்லை. சாகசப் பயண விளையாட்டுகளுக்கு அது சரி, தாளத்துக்குச் சரிப்படாது. திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்று விளம்பரங்களில் பெரிதாகப் போடுவார்கள். 90 என்றால் ஒரு படத்துக்கு 11 மில்லிவிநாடி. 120 என்றால் 8. அந்த 3 மில்லிவிநாடியை உணரும் கை உங்களுக்கு வரும்போது அதைப் பற்றிப் பேசலாம்.

அறை சிறியது என்று தயங்க வேண்டாம். நின்ற இடத்தில் ஆடும் விளையாட்டுதான் இது. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் இருந்தால் தாராளம். கைகளை எல்லாத் திசையிலும் முழுதாக நீட்டிப் பாருங்கள், தலைக்கு மேலேயும். எதிலும் இடிக்கவில்லை என்றால் சரி.

மூக்குக்கண்ணாடி விஷயத்தில் மட்டும் வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. ஃபிரேமின் அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு, அது ஹெட்செட்டுக்குள் நெருக்காமல் போகிறதா என்று போட்டுப் பாருங்கள். உங்கள் கண்ணாடி ஹெட்செட் லென்ஸில் உரசினால் இரண்டிலும் கீறல் விழும். இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் கேட்டு வையுங்கள். கண்ணாடி செய்து கொடுத்தவரிடம் அந்த அளவு இருக்கும். குவெஸ்ட் 2, 3எஸ் இரண்டிலும் லென்ஸ்களை 58, 63, 68 மில்லிமீட்டர் என்ற மூன்று நிலைகளில்தான் வைக்க முடியும். உங்கள் அளவு இவற்றில் ஒன்றை ஒட்டி இருந்தால் கவலையில்லை. 72, 73 என்று வந்தால் அரை மணி நேரமாவது போட்டுப் பார்த்து, கண் வலிக்கவில்லை என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள்.

கன்ட்ரோலருக்குத் தலா ஒரு ஏ.ஏ. பேட்டரி. ரீசார்ஜ் செய்யக்கூடியதாக நான்கு வாங்கிவிட்டால் இரண்டு ஓடும்போது இரண்டு சார்ஜ் ஏறும். மணிக்கட்டில் மாட்டும் வாரைக் கழற்றி வைத்தால் வீச்சு சுலபமாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். சொன்னவரின் டி.வி. திரை முழுசாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.